படிப்பகச் சுவரில் ஒரு குப்பம்

பினாங்குக்கு வந்து நாலு வருடமாகியும் எனக்கு ஒரு விஷயம் பழகவில்லை. இங்கே ஒரே கடைக்கு நாலு மொழியில் பெயர்ப்பலகை எழுதுகிறேன். நாலும் சண்டையில்லாமல் ஒரே பலகையில் இருக்கின்றன. ஊரில் ஒரு சுவரில் ஒரு வரலாறு எழுதவே நான் பட்ட பாடு இராயபுரத்துக்காரர்களுக்கு நினைவிருக்கும்.

சுதந்திரம் வந்த மறு வருடம், துறைமுகத் தொழிலாளர் படிப்பகச் சுவரில் சென்னையின் கதையை வரையச் சொன்னார்கள். பள்ளியில் படித்ததை நம்பி வெற்று மணல், கப்பல், இறங்கி வரும் துரை, கோட்டை என்று ஆரம்பித்தேன். கதர்ச்சட்டைச் செயலாளர் துரையை அழித்துவிட்டுத் தியாகிகளை வைக்கச் சொன்னார். அச்சுக்கோக்கும் மாணிக்கம் தமிழ் மன்னர்களிலிருந்து தொடங்க வேண்டுமென்றார். தொழிற்சங்கத்துத் தாமஸுக்கு வேலைநிறுத்தங்கள்தான் வரலாறு. மூவருமே நல்லவர்கள். மூவரும் எனக்கு டீ வாங்கித் தந்தார்கள். நான் மூன்று தடவை சுண்ணாம்பு அடித்து, கடைசியில் மணல், துரை தொடங்கி எல்லோரையும் சேர்த்து வரைந்தேன்.

அந்தச் சமயத்தில்தான் கடலோரக் குப்பத்தைக் காலி செய்யச் சொல்லி அதிகாரிகள் வந்துகொண்டிருந்தார்கள். துறைமுகம் கட்டிய பிறகு வந்து குடியேறியவர்கள் என்பது அவர்கள் பேச்சு. அந்தக் குப்பத்திலிருந்து மீன் விற்க வரும் செங்கேணி ஒருநாள் கூடையை இறக்கிவைத்துச் சுவரைப் பார்த்தாள்.

“இன்னா நைனா, எல்லாம் கீது, எங்க வூடு எங்க?”

“அப்போ அங்கே வெறும் மணல்தானேம்மா.”

“அப்ப துரை அலைமேல நடந்தா வந்தான்? எங்காளுங்கதான் படகுல இட்டாந்து, தோள்ல தூக்கிக் கரையில வுட்டாங்க.”

எனக்குக் காது சுட்டது. மறுநாளே மணலை அழித்துக் குடிசைகளையும் படகோட்டிகளையும் வரைந்தேன். அவர்கள்தான் முதல் தேசபக்தர்கள் என்றார் செயலாளர். ஆதித்தமிழர் என்றார் மாணிக்கம். முதல் துறைமுகத் தொழிலாளிகள் என்றார் தாமஸ். “யாரா வேணா வச்சுக்கோங்க. துடுப்புதான் தப்பா கீது,” என்றாள் செங்கேணி. திருத்தினேன். அடுத்து வந்த அதிகாரியை அவள் கையோடு அழைத்துவந்து சுவரைக் காட்டினாள். படமெல்லாம் சாட்சியாகாது என்றார் அவர். ஆனாலும் நெடுநேரம் நின்று பார்த்தார். நான் கப்பலேறும்வரை குப்பம் அங்கேயே இருந்தது.

போன மாதம் இங்குள்ள தமிழர்கள் தங்கள் மன்றத்தில் பினாங்கின் வரலாற்றை வரையச் சொன்னார்கள். யாரிடமும் யோசனை கேட்காமல் நேரே கடற்கரைக்குப் போனேன். வலை உலர்த்திக்கொண்டிருந்த ஒரு மலாய்ப் பெண்மணியிடம், எனக்குத் தெரிந்த அரைகுறை மலாயில், உங்கள் வீடு எதுவென்று கேட்டேன். தென்னைகளுக்கு நடுவே கை காட்டினார். என் வீடு எங்கே என்று அவரும் கேட்டார். நான் கடலுக்கு அப்பால் மேற்கே கையை நீட்டினேன். அந்தத் திக்கில் நங்கூரமிட்டு ஆடிக்கொண்டிருந்த படகைப் பார்த்துவிட்டு, “ஓ, படகிலா குடியிருக்கிறாய்?” என்றார்.

இல்லையென்று சொல்ல வாயெடுத்தேன். பிறகு, ஆமாம் என்று தலையாட்டினேன்.