சிவப்பு வட்டத்துக்குள் என் மீசை

ஐந்தருவியில் தலையைக் கொடுத்துவிட்டு ஈரத்துண்டோடு நின்றபோது கைபேசி அடித்தது. வெளிநாட்டில் படிக்கும் என் அக்கா மகள் பிருந்தா. "மாமா, சார் போயிட்டாவ" என்று அழுதாள். பேராசிரியர் சங்கரலிங்கம் காலமானார். மூன்றாண்டுகளாக அவரை நான் வைத வசவுகளை அடுக்கினால் தென்காசிக் கோபுரம் குட்டையாகிவிடும். இறந்துவிட்டார் என்பதற்காக ஒரு நிலையைக்கூட இறக்க மாட்டேன்.

இந்த அஞ்சலியைப் படிக்கும், அவரை அறிந்த உங்களுக்கு அந்தக் கொடுமை தெரியும். மாணவர் கட்டுரையைக் கையில் வாங்கியதும், "கண்ணால பாத்தியா, போட்டோவுல பாத்தியா?" என்பார். போட்டோ என்றால் அன்றோடு சரி.

அவரிடம் படித்த பிருந்தா, வெளிநாட்டில் ஆசிய, பசிபிக் கலை வரலாற்றில் முதுநிலைப் படிப்புக்கு விண்ணப்பித்தாள். அவருடைய பரிந்துரைக் கடிதம் இல்லாமல் இடம் கிடைக்காது. குற்றாலத்துச் சுவரோவியம் ஒன்றில் ஆடும் பெண்ணையும், பசிபிக் தீவுகளின் மரப்பட்டைத் துணி ஓவியங்களையும் ஒப்பிட்டு இருபது பக்கம் எழுதினாள். அப்போது அவளுக்குக் காய்ச்சல். சுவரோவியத்தைப் படமெடுத்து வரும் மாபெரும் படையெடுப்பை நானே நடத்தினேன். அந்தப் பெண் இடது கையைத் தூக்கியிருப்பதற்கு பிருந்தா கண்டுபிடித்த காரணங்கள் ஏழு கடலையும் தாண்டின. அவர் கடிதம் தர மறுத்தார். ஓராண்டு போயிற்று.

ஆய்க்குடியிலிருந்து பாய்ந்துபோய் அவர் வாசலில் நின்றேன்.

"வே, பிள்ள வாழ்க்கையில மண்ணள்ளிப் போடுதீரே!"

"அங்கன நின்னு கத்தினா தொண்ட கட்டும் அண்ணாச்சி. உள்ள வாரும்."

ஓர் உறையை நீட்டினார். உள்ளே நான் எடுத்த படம். ஓவியத்தோடு நானும் விழவேண்டும் என்று முன்பக்கக் கேமராவில் எடுத்தது. அது இடம் வலத்தை மாற்றிவிடும் என்று யார் கண்டார்? சுவரில் தூக்கியிருப்பது வலது கை. என் முகத்தை வெட்டிவிட்டுத்தான் கடையில் அச்சுப் போட்டு பிருந்தாவிடம் கொடுத்திருந்தேன். ஓரத்தில் மீசை நுனி தப்பிவிட்டது. அதைச் சுற்றிச் சிவப்புப் பென்சிலில் ஒரு வட்டம்.

"அவகிட்ட சொல்லல. மாமன் மேல உசுர வச்சிருக்கா. சுவத்துக்கு முன்னால போயி உக்காரச் சொல்லும்."

பத்து நாள் உட்கார்ந்தாள். "படம் போட்ட கடைக்காரன் இடம் வலத்த மாத்திட்டான் மாமா" என்றாள். நானும் சேர்ந்து அவனை வைதேன். திருத்தி எழுதினாள், மறு ஆண்டு கடிதம் கிடைத்தது.

அவர் கடைசிவரை என்னைக் காட்டிக்கொடுக்கவில்லை. அதைத்தான் என்னால் மன்னிக்க முடியவில்லை. தெருவில் எதிர்ப்பட்டால் பேச மாட்டார். மீசையே இல்லாத அந்த மனிதர், மேலுதட்டை மெல்லத் தடவிக் காட்டிவிட்டுப் போவார். வீட்டுக்கு வந்து இன்னும் உரக்க வைவேன்.

அவர் நினைவாக என் பீரோவில் இருப்பது அந்தப் படம் ஒன்றுதான். பிருந்தா இதை எப்படியும் படிப்பாள். ஏட்டி, கடைக்காரன் மேல தப்பில்ல.