சேற்றில் போன காலணி

பொனாரியா பள்ளி வேன் ஓட்டுகிறவள். காலையில் பிள்ளைகளை இறக்கிவிட்ட கையோடு நேரே லாயத்துக்குப் போவாள். பாதாம் தோல் நிறத்தில் இருக்கும் அவளுடைய பெட்டைக் குதிரை மெண்டுலா, வேன் சத்தம் கேட்டதுமே தலையை வெளியே நீட்டும்.

முன்பு அதற்கு லாடம் அடித்தவன் எஃபிசியோ, அவள் கணவனின் தம்பி. கைத்திறமையில் குறை சொல்ல முடியாது. ஆனால் மெண்டுலாவின் குளம்பு மெல்லியது. ஆணி இறங்கிய இடமெல்லாம் விரிசல் விட்டு, கடைசியில் ஆணி பிடிக்க இடமே இல்லாமல் போயிற்று. பொனாரியா லாடத்தைக் கழற்றச் சொன்னாள். எஃபிசியோ கழற்றிக் கொடுத்தான். அதன்பிறகு அவள் வீட்டுப் பக்கமே வரவில்லை.

வெறுங்குளம்போடு மெண்டுலா முதலில் முள்ளை மிதிப்பதுபோல் நடந்தது. பொனாரியா அதைப் புல்லில் நடத்தினாள், பிறகு மணலில், பிறகு சரளையில். மறு இலையுதிர்காலத்துக்குள் குளம்பு இறுகி வந்தது. ஆனாலும் சார்டினியாவின் அந்த மேட்டு நிலம் முழுக்கக் கருங்கல். நெடுந்தூரக் குதிரை ஓட்டப் போட்டிக்கு மட்டும் முன்கால்களுக்கு ரப்பர் காலணி மாட்டுவாள். ஊரில் அதைப் பார்த்துச் சிரிக்காதவர் இல்லை.

அந்த வருட ஓட்டத்துக்கு முந்தின நாள் நல்ல மழை. மறுநாள் ஓட்டத்தில், ஓடையைக் கடந்து கல் பாதையில் ஏறியதும் பொனாரியாவின் காதில் ஏதோ இடறியது. வெறுங்குளம்பான பின்கால்களைப் போலவே இடது முன்காலும் கல்லில் டக்கென்று தட்டியது. காலணியைச் சேறு உருவிக்கொண்டுவிட்டது. அவள் இறங்கி, கடிவாளத்தைப் பிடித்துக்கொண்டு ஓரப் புல்லிலேயே நடந்தாள். கல்மதில்களுக்கு நடுவே பாதை குறுகிய இடத்தில் புல் இல்லை. அங்கே வேறு வழியில்லாமல் கல் மேலேயே நடத்திப் போனாள்.

வழியில் குதிரைகளை நிறுத்திப் பரிசோதிக்கும் இடத்தில் மெண்டுலாவின் நாடித்துடிப்பு சரியாக இருந்தது. ஓடவிட்டுப் பார்த்தபோது நொண்டவும் இல்லை. கால்நடை மருத்துவர் இடுக்கியால் அடிக்குளம்பை அமுக்கியபோது மட்டும் காலை வெடுக்கென்று இழுத்துக்கொண்டது.

"நடையில குறை தெரியல, நான் அனுப்பலாம். ஆனா இந்த இடம் அதுக்கு வலிக்குது. முடிவு உங்க கையில," என்றார் அவர்.

அப்போதுதான் எஃபிசியோ வந்தான். அன்று ஓடைக்கரையில் குதிரைகளுக்குத் தண்ணீர் கொடுக்கும் வேலை அவனுக்கு. முழங்கால் வரை சேறு.

"அண்ணி, இந்தாங்க உங்க பொண்ணோட செருப்பு," என்று ரப்பர் காலணியை நீட்டினான்.

பொனாரியா அதை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். அவளுக்கு முன்னால் மூன்றே பேர்தான் போயிருந்தார்கள். இதுவரை அப்படியொரு இடத்துக்கு அவள் வந்ததில்லை. காலணியை மாட்டினால் கல் குத்தாது. ஆனால் உள்ளே கன்றிப்போனது கன்றிப்போனதுதான். மாட்டலாமா என்று குனிந்தவள், குளம்பில் கை வைத்து அப்படியே சற்று நேரம் இருந்தாள். பிறகு நிமிர்ந்து, மார்பில் கட்டியிருந்த போட்டி எண் துணியை அவிழ்த்து, ஓட்டத்திலிருந்து விலகிக்கொண்டாள்.

எஃபிசியோ குனிந்து அந்தக் குளம்பையே பார்த்தான். அந்தப் பார்வைதான் அவளுக்கு எரிச்சலாக இருந்தது.

"லாடம் இருந்தா கழண்டிருக்காதுன்னு சொல்லணும், அவ்வளவுதானே? சொல்லிடுப்பா."

"எங்க சொல்றது அண்ணி. உங்க செருப்பைத் தேடுறப்போ சேத்துல வேற குதிரைங்களோட லாடமும் ரெண்டு கிடைச்சுது," என்று சட்டைப்பையைத் தட்டினான். "ரெண்டுமே நான் அடிச்சது."

பொனாரியா சிரித்துவிட்டாள். சற்றுப் பொறுத்து அவனும் சிரித்தான்.

கன்றிய இடம் குளிர்காலத்துக்குள் ஆறிவிட்டது. எஃபிசியோ அரத்தோடு வந்து குளம்பின் ஓரத்தை இழைத்துக் கொடுக்கத் தொடங்கினான். லாடம்தான் நல்லது என்ற பேச்சை மட்டும் ஒவ்வொரு தடவையும் தவறாமல் எடுப்பான். அவளும் விடாமல் பதில் சொல்வாள். வசந்தகால ஓட்டத்தில் மெண்டுலா கடைசிப் பரிசோதனையையும் தாண்டி, நொண்டாமல் ஏழாவதாக வந்து சேர்ந்தது. சேணத்தை இறக்கியதும் நேராகப் புல்லுக்குப் போய், நான்கு காலையும் மேலே தூக்கிப் புரண்டது.