பழைய பாடத்திட்டக்காரி

உளுந்தூர்பேட்டையில் மாறி ஏறும் கள்ளக்குறிச்சி பஸ்ஸில் உட்கார இடம் கிடைத்துவிட்டால், எழில்மதிக்கு அன்றைக்கு ஒரு பாடம் முடிந்த கணக்கு. களமருதூரில் நடவுக்கும் அறுப்புக்கும் போகிற ராசுவுக்கும் ஜெயம்மாளுக்கும் பிறந்தவள். தாலுகா ஆபீசுக்கு நடையாய் நடந்து முதல் பட்டதாரிச் சான்றிதழ் வாங்கி, அதைக் காட்டிக் கல்லூரியில் சேர்ந்து, பி.எஸ்சி. கம்ப்யூட்டர் சயின்ஸ் முடித்தவள். கள்ளக்குறிச்சியில் தஸ்தகீர் பாய் நடத்தும் கம்ப்யூட்டர் கடையில் வேலை. அவள் மடியில் தலையணை கனத்துக்கு இருப்பது நெட்வொர்க் சான்றிதழ் தேர்வுக்கான புத்தகம். அந்தத் தேர்வில் தேறினால் கடையைத் தாண்டியும் ஓர் உலகம் திறக்கும் என்று நம்பிப் பணமும் கட்டி, சேலத்தில் தேர்வு மையத்தில் இடமும் பதிவு செய்துவிட்டாள்.

ஆயுத பூசை கழிந்த மறுநாள் காலை. தியாகதுருகத்தில் பஸ் நின்று ஆள் ஏற்றிக்கொண்டிருந்தபோது போனில் அந்தச் செய்தி வந்தது. இப்போதுள்ள பாடத்திட்டம் இந்த மாதக் கடைசியோடு நிறுத்தப்படுகிறது. அடுத்த மாதம் முதல் புதிய பாடத்திட்டம். எழில்மதியின் தேர்வு நாளோ அதற்குச் சரியாக முந்தின வாரம்.

அவள் புத்தகத்தை மூடிவிட்டாள். எழுதிய கையோடு பழசாகப் போகிற தேர்வை எதற்கு எழுதுவது? ஊரில் கண்ணாயிரம் அண்ணன் ஞாபகம் வந்தது. பட்டன் போன் ரிப்பேருக்கு மெட்ராஸில் தங்கிப் படித்து, சான்றிதழோடு ஊருக்கு வந்து கடை திறந்தபோது ஊரெல்லாம் டச் போன். இப்போது அவர் லோடு ஆட்டோ ஓட்டுகிறார். "இன்னா கண்ணாயிரம், பட்டன் எல்லாம் வேலை செய்யுதா?" என்று சட்டையைப் பார்த்துக் கேட்பவர்கள் இன்றைக்கும் இருக்கிறார்கள்.

கடைக்குள் நுழையும்போதே ஜெபீனா பிடித்துக்கொண்டாள். ஜெபீனா தஸ்தகீர் பாயின் மகள். இருவரும் ஒன்றாகத்தான் தேர்வுக்குப் படித்துக்கொண்டிருந்தார்கள்.

"ஏய், பாத்தியாடி?"

"பாத்தேன். பஸ்ஸுல பாத்தேன்."

"நான் ரத்து பண்ணிட்டேன். புதுசு வரட்டும், அதுல எழுதிக்கலாம். தௌசிப் அண்ணன் சொல்லுது, பழைய பாடத்துல பாஸ் பண்ணி எடுத்துக்கினு போனா கம்பெனியில சிரிப்பாங்களாம்." சென்னையில் பெரிய கம்பெனியில் இருக்கும் தௌசிப், அவளுடைய மாமா மகன். "அந்தப் புதுசும் ரெண்டு வருசம்தானாம். அப்பறம் எல்லாத்தையும் ஏஐ பாத்துக்குமாம்."

"அப்ப தௌசிப் அண்ணன் இன்னா பண்ணுமாம்?"

"அத கேட்டா போன வெச்சிடுது."

சிரித்தார்கள். ஆனால் எழில்மதிக்குச் சிரிப்பு நிலைக்கவில்லை. "நானும் ரத்து பண்ணிடவா?" என்றாள்.

"பண்ணு. இன்னிக்கித்தான் கடைசி நாளு. நாளைக்கி பண்ணா பணம் வராது."

அவள் போனை எடுத்து அந்தப் பக்கத்தைத் திறந்துகொண்டிருக்கும்போதே தஸ்தகீர் பாய் வண்டிச் சாவியோடு வந்தார். "ரெண்டு பேரும் பொலம்புனது போதும், ஏறுங்க. வெள்ளிமலை சங்கத்துல காலையிலேருந்து நெட்டு இல்லையாம். பச்சையம்மா நாலு வாட்டி போன் பண்ணிட்டாங்க."

வெள்ளிமலைப் பக்கத்தில் மலைப் பெண்கள் சேர்ந்து நடத்தும் சங்கம் அது. தேன், சாமை, கடுக்காய் என்று மலையில் விளைவதை வாங்கி வெளியூர்களுக்கு அனுப்புவார்கள். அங்கே கம்ப்யூட்டர்கள் போட்டுக் கொடுத்தது பாய்தான். கச்சிராயபாளையம் தாண்டி வண்டி மலையேறத் தொடங்கியதும் எழில்மதியின் போனில் சிக்னல் செத்தது. ரத்து செய்யும் பக்கம் பாதி திறந்தபடி நின்றுபோனது.

"கீழ எறங்கினதும் பண்ணிக்க," என்றாள் ஜெபீனா.

சங்கத்தின் வாசலிலேயே செயலாளர் பச்சையம்மாள் நின்றிருந்தார். "வாங்க பாய். சாயந்தரத்துக்குள்ள லாரி போவணும். பில்லு ஒண்ணும் வர மாட்டேங்குது. லாரிக்காரன் வேற, இன்னா இன்னான்னு கேட்டுக்கினே கீறான்."

உள்ளே போனால் கண்ணுக்குக் குளிர்ச்சியாக இருந்தது. முந்தின நாள் பூசை அப்படி நடந்திருக்கிறது. எடைத் தராசுக்குப் பொட்டு, தேன் வடிக்கும் பாத்திரத்துக்குப் பொட்டு, ஒவ்வொரு கம்ப்யூட்டருக்கும் சந்தனம், அதன்மேல் குங்குமம், பிரிண்டருக்குச் சாமந்தி மாலை. ஒரு தூசி இல்லை.

பாய் நெட் வரும் பெட்டியை மாற்றிப் பார்த்தார். வரவில்லை. லைன் கொடுத்த கம்பெனிக்கு, சிக்னல் கிடைக்கிற மேட்டுக்கு நடந்துபோய்ப் போன் செய்துவிட்டு வந்தார். "லைனு நல்லாத்தான் இருக்காம்." ஜெபீனா வைரஸாக இருக்கும் என்றாள். ஒரு கம்ப்யூட்டரில் விண்டோஸை அழித்துப் புதிதாக ஏற்றினார்கள். அதிலும் நெட் வரவில்லை.

எழில்மதி ஒரு கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்தாள். அவள் மண்டைக்குள் காலையில் படித்த புதிய பாடத்திட்டத்தின் தலைப்புகள்தான் ஓடிக்கொண்டிருந்தன: தானியங்கி மேலாண்மை, கிளவுட், அது, இது. இந்தக் கோளாறு நிச்சயம் அதில் ஏதோ ஒன்றுதான், தான் படிக்காத ஏதோ ஒன்று. தான் படித்ததில் இது இருக்கவே இருக்காது என்று அவளாகவே முடிவு கட்டிவிட்டாள். கம்ப்யூட்டர்களின் அமைப்புப் பக்கங்களைத் திறந்து திறந்து, புரிந்ததையும் புரியாததையும் மாற்றிப் பார்த்தாள். ஒன்றும் நடக்கவில்லை.

"ரொம்ப நேரம் ஆவுமா கண்ணு?" என்று பச்சையம்மாள் பக்கத்தில் வந்து கேட்டார்.

"பாக்கறேங்க."

"இல்லன்னா மெட்ராஸ்லேருந்து ஆளு வரச் சொல்லலாம்னு பாய் சொல்றாரு."

அது சுருக்கென்று தைத்தது. அவள் எழுந்து, எல்லா ஒயர்களும் வந்து சேர்கிற சுவர்ப் பெட்டியைத் திறந்தாள். உள்ளே, எல்லாக் கம்ப்யூட்டர்களையும் இணைக்கிற நெட்வொர்க் சுவிட்சின் நெற்றியிலும் ஒரு பொட்டு. அதில் வரிசையாக இருந்த பச்சை விளக்குகள் எல்லாம் ஒன்றாக, மூச்சு விடாமல், வெறி பிடித்த மாதிரி மின்னிக்கொண்டிருந்தன.

எழில்மதி திரும்பிப் பார்த்தாள். எந்தக் கம்ப்யூட்டரிலும் யாரும் வேலை செய்யவில்லை. பெண்கள் எல்லாம் வாசலில் நின்று லாரிக்காரனைச் சமாதானம் செய்துகொண்டிருந்தார்கள். யாரும் எதுவும் அனுப்பாதபோது இந்த ஒயர்களில் எது இப்படி ஓடுகிறது?

புத்தகத்தில் ஒரு பாடம் உண்டு. ஒரே தகவல் போன வழியே திரும்பி வந்து, மறுபடி போய், மறுபடி வந்து, பெருகிப் பெருகி மொத்தப் பாதையையும் அடைத்துக்கொள்ளும் கதை. பெரிய சுவிட்சுகள் தாமாகவே அதைத் தடுத்துக்கொள்ளும். விலை கம்மியான சின்னச் சுவிட்சுக்கு அந்தப் புத்தி கிடையாது. பாடத்திட்டம் உருவான காலத்திலிருந்தே இருக்கும் பாடம். இதைத்தான் இனி யாரும் கேட்கமாட்டார்கள், தள்ளிவிட்டுப் படி என்று இணையத்தில் யாரோ எழுதியிருந்தார்கள். பஸ்ஸில் வேறு வேலை இல்லாததால் அவள் தள்ளாமல் படித்திருந்தாள்.

"ஜெபி, இங்க வா. ஒவ்வொரு ஒயரும் எங்க போவுதுன்னு புடிச்சிக்கினே போ."

ஜெபீனா ஒயரைப் பிடித்து நடந்தாள். இது பில் போடும் கம்ப்யூட்டர். இது கிடங்கு. இது செயலாளர் அறை. இது பிரிண்டர். கடைசியாக ஒரு குட்டை ஒயர். அதைப் பிடித்துக்கொண்டு கிளம்பியவள் ஓர் அடிகூட வைக்கவில்லை. சுவிட்சில் தொடங்கிய ஒயர் வளைந்து அதே சுவிட்சிலேயே இன்னோர் ஓட்டையில் போய்ச் செருகியிருந்தது. இரண்டு முனையிலும் குங்குமம்.

"இது ஏன் இங்கயே சுத்திக்கினு கீது?" என்றாள் ஜெபீனா.

பச்சையம்மாள் எட்டிப் பார்த்தார். "ஐயோ, அது நான்தான் கண்ணு. நேத்து எல்லா ஒயரையும் கழட்டி, தொடச்சி, பொட்டு வெச்சி, திருப்பி மாட்டினோம். இது ஒண்ணு மட்டும் ஒரு முனை சும்மா தொங்கிக்கினு இருந்திச்சி. பூசை நாளு அதுவுமா அப்பிடி தொங்க வுடலாமா? ஓட்டை ஒண்ணு காலியா இருந்திச்சி, மாட்டிவுட்டேன்."

"ஒரு வருசம் தொங்கினது ஒரு நாளு தொங்கியிருந்தா இன்னாம்மா?" என்றார் பாய் வியர்வையைத் துடைத்துக்கொண்டு.

"நீங்க ஏன் பாய் அத தொங்க வுட்டீங்க?" என்று திருப்பிக் கேட்டார் பச்சையம்மாள்.

எழில்மதி அந்தக் குட்டை ஒயரைப் பிடுங்கினாள். விளக்குகள் சட்டென்று ஆட்டம் அடங்கி, ஒவ்வொன்றாக நிதானத்துக்கு வந்தன. அவளுக்குப் பின்னால், மாலை போட்ட பிரிண்டர் ஒரு முறை முனகியது. பிறகு காலையிலிருந்து அனுப்பி அனுப்பித் தேங்கிக் கிடந்த பில்களையெல்லாம் வரிசையாகத் துப்பத் தொடங்கியது. ஒரே பில்லை எத்தனையோ முறை அனுப்பியிருந்தார்கள், அத்தனையும் வந்தன. பெண்கள் ஓடிவந்து தாள்களைப் பிடித்தார்கள். லாரிக்காரன் வண்டியைத் திருப்பினான்.

பச்சையம்மாள் எழில்மதியின் கன்னத்தை வழித்துத் திருஷ்டி கழித்தார். ஆளுக்கு ஒரு பாட்டில் தேன் கொடுத்தார். பாய் எல்லாருக்கும் கேட்கும்படி, "மெட்ராஸ் ஆளு வேணாம்மா. நம்ம ஆளே இருக்குது," என்றார்.

இறங்கும் வழியில், கோமுகி அணை கண்ணுக்குத் தெரிகிற இடத்தில், போன் உயிர் பெற்று உறுமியது. பாதியில் நின்ற பக்கம் முழுதாகத் திறந்தது. தேர்வை ரத்து செய்ய உறுதிதானா என்று கேட்டுக்கொண்டு நின்றது.

"சிக்னல் வந்திடுச்சி. பண்ணு," என்றாள் ஜெபீனா.

"வேணாம்."

"பழசாயிடும்டி."

"ஆவட்டும். பழைய பாடந்தான இன்னிக்கி லாரி அனுப்பிச்சி? இத எழுதிட்டு அப்பறமா புதுசையும் படிக்கிறேன். படிக்கிறது இன்னா, எனக்குப் பழக்கம் இல்லாததா?" அவள் அந்தப் பக்கத்தை மூடினாள்.

அன்றிலிருந்து அவள் படித்த விதமே வேறாக இருந்தது. எது நிற்கும், எது போகும் என்று பார்த்துப் பார்த்துப் பக்கம் தள்ளுவதை விட்டாள். கடையில் கிடந்த பழைய சுவிட்சுகளை மேசையில் பரப்பி, அவளாகவே ஒயரைத் தப்பாக மாட்டி, கெடுத்து, சரிசெய்து பார்த்தாள். "நல்லா இருக்கறத கெடுக்கறதுக்கு ஒரு ஆளா?" என்று பாய் முனகினாரே தவிர, தடுக்கவில்லை.

சேலத்துக்கு அப்பா ராசுவும் கூட வந்தார். மையத்துக்குள் விடமாட்டார்கள் என்பதால் எதிர்ப்பக்க டீக்கடையில் உட்கார்ந்துகொண்டார். தேர்வில் அவளுக்குத் தெரியாத கேள்விகளும் இருந்தன. ஒன்றிரண்டை வெறும் தைரியத்தில் குறித்தாள். முடித்துவிட்டுப் பொத்தானை அழுத்தியபோது திரை கொஞ்ச நேரம் யோசித்தது. தேர்ச்சி. தேவையான மதிப்பெண்ணைத் தாண்டி நிறையவே இருந்தது.

வெளியே வந்து சாலையைக் கடக்கும்போதே ராசு எழுந்து நின்றுவிட்டார். "இன்னாம்மா?"

"பாஸ்ப்பா."

அவர் டீக்கடைக்காரரிடம் திரும்பி, "எம் பொண்ணுங்க. களமருதூர்," என்றார். அந்த ஆள் ஒன்றும் கேட்கவே இல்லை.

மறுநாள் ஞாயிறு. சம்பா நடவு நடந்துகொண்டிருந்த வயலுக்கு எழில்மதி தூக்குச்சட்டியில் கூழ் கொண்டுபோனாள். அம்மா ஜெயம்மாள் முழங்கால் சேற்றில் நின்றபடி மற்றப் பெண்களிடம் அதைத்தான் சொல்லிக்கொண்டிருந்தாள்.

"ஏ எழிலு, நீ பாஸ் பண்ணது இன்னாடி? ஒங்கம்மா வாயில நொழைய மாட்டேங்குது," என்று கேட்டாள் செந்தமிழ்ச்செல்வி, நடவு ஆட்களிலேயே வாயாடி.

"நெட்வொர்க் அசோசியேட்க்கா."

"நெட்டு ஒர்க்கு அசோசி... தே, இன்னா?"

"ஏட்டு," என்று உதவினாள் பக்கத்தில் நின்றவள்.

"போலீஸ் ஏட்டா?"

வரப்பே அதிரும்படி சிரித்தார்கள். "இது மூணு வருசம்தான் செல்லும்க்கா. அப்பறம் திருப்பி எழுதணும்," என்று எழில்மதி உண்மையையும் சொல்லிவைத்தாள்.

"எழுது. இன்னா இப்போ? ஆனா ஒவ்வொரு வாட்டி பாஸ் பண்ணும்போதும் எங்களுக்கு காராபூந்தி வந்திடணும், சொல்லிட்டேன்."

"காராபூந்தி மட்டுமா? மிச்சரு," என்றாள் ஜெயம்மாள் நிமிராமலே. அவள் கை மளமளவென்று நட்டுக்கொண்டே போனது. முகம் மட்டும் சேற்றுத் தண்ணீரிலும் பளிச்சென்று தெரிந்தது.

எழில்மதி சட்டியை வரப்பில் வைத்துவிட்டு, மிச்சர் வாங்கிவரக் கடைப்பக்கம் நடந்தாள்.