ஒரே வீட்டுக்குப் போகும் இரண்டு பங்கு

வண்டி ஓடிக்கொண்டிருந்தால்தான் எனக்கு உடம்பு சரியாக இருக்கும். கருங்குழியில் வீட்டுக்கு வந்து ஒரு நாள் சேர்ந்தாற்போல் உட்கார்ந்தால் போச்சு, தேய்த்த பாத்திரத்தையே திரும்பத் தேய்ப்பேன், வாசலுக்கும் கொல்லைக்கும் நடப்பேன். "ஒரு எடத்துல குந்த மாட்டியாமே நீ?" என்பார் வீட்டுக்காரர். மாட்டேன். அதற்காகத்தானே ஹெவி லைசென்ஸ் எடுத்தேன்.

அதற்கு முன்னால் அச்சரப்பாக்கத்திலிருந்து காய்கறி ஏற்றிக்கொண்டு குட்டியானை என்கிற சின்ன வண்டி ஓட்டிக்கொண்டிருந்தேன். அவர் கன்டெய்னர் லாரியில் இருந்தார். அவரோடு மாற்றி மாற்றி ஓட்டிய டபுள் டிரைவர் வேலையை விட்டுப் போனதும் அந்த இடத்தில் நான் ஏறிக்கொண்டேன். மறைமலை நகரில் கார் சாமான் ஏற்றினால் புனேயில்தான் இறக்கம். ஊரில் சிரித்தவர்கள் சிரித்தார்கள். நான் கண்டுகொள்ளவில்லை.

எங்கள் தொழிலில் மாசச் சம்பளம் கிடையாது. சக்கரம் உருண்டால் காசு. கிலோமீட்டருக்கு இவ்வளவு என்று வண்டிக்குக் கணக்குப் போட்டு, டபுள் டிரைவர் வண்டி என்றால் அதைச் சரிபாதியாகப் பிரிப்பார்கள். யார் எவ்வளவு தூரம் ஓட்டினார் என்று கேட்பதில்லை. ஒருவர் ஓட்டும்போது மற்றவர் சீட்டுக்குப் பின்னால் பலகையில் படுத்திருப்பார், அவருக்கும் அதே காசு. அவர் தூங்கி எழுந்தால்தானே வண்டி நிற்காமல் போகும்? இது போக ஆளுக்கு ஒரு சாப்பாட்டுப் படி. லோடுக்காகக் கம்பெனி கேட்டில் காத்துக் கிடக்கும் நாளுக்கு மட்டும் ஒன்றும் கிடையாது. எனக்குப் பைத்தியம் பிடிப்பதும் அந்த நாளில்தான்.

எங்கள் காசு மொத்தமும் வீட்டுக்காரர் கணக்குக்கு வரும். எனக்கு உண்டான படியை மட்டும் முதலாளி முதலிலேயே வெட்டிவிட்டார். "ஒரே அடுப்புலதானம்மா ஆக்கி சாப்புடுறீங்க, ரெண்டு படி எதுக்கு?" என்றார். என்னமோ போகட்டும் என்று விட்டேன். கிலோமீட்டர் காசு பாதிப் பாதி வருகிறது என்றுதான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

ஒரு நாள் லோடுக்குக் காத்திருந்தபோது அதே முதலாளியின் இன்னொரு வண்டியை ஓட்டும் இரண்டு பேர், புனே போய்வந்த ஒரு நடைக்குத் தங்களுக்கு வந்த காசைப் பேச்சுவாக்கில் சொன்னார்கள். அதே தூரம், அதே லோடு. வெட்டிய படியைச் சேர்த்துப் பார்த்தாலும் எங்களுக்கு வந்தது அதைவிட நன்றாகக் குறைவு. மனசுக்குள் போட்டுப் பார்த்தேன். அவர் பங்கு முழுசாக இருந்தது. என் பங்கில்தான் பாதியைக் காணோம்.

எனக்கு வந்த கோபத்துக்கு அப்போதே செங்கல்பட்டில் முதலாளி ஆபீசுக்குப் போயிருப்பேன். "இரு மே, இந்த நட முடியட்டும்" என்று வீட்டுக்காரர் கையைப் பிடித்துக்கொண்டார். அந்த நடை முழுக்க அவர் சரியாகப் பேசவில்லை. திரும்பி வந்ததும் அதிசயமாக, "முட்டுக்காடு போய்ட்டு வரலாமா?" என்று கேட்டார். கல்யாணமான நாளிலிருந்து எங்கேயும் கூட்டிப் போகாத மனிதர். சரி, என்னமோ இருக்கிறது என்று கிளம்பினேன்.

அங்கே படகுத் துறையில் காலால் மிதிக்கும் படகில் ஏறினோம். வெயில் மண்டையைப் பிளந்தது. கரையை விட்டு நன்றாக உள்ளே வந்த பிறகு அவர் மிதிப்பதை நிறுத்தினார்.

"மொதலாளியக் கேக்காத. நான்தான் சொன்னேன்."

"இன்னா சொன்ன?"

"பொம்பள இன்னாத்த ஓட்டப் போவுதுன்னு அவரு வேணான்னுட்டாரு. அதான், சும்மா பேச்சுத் தொணைக்கு வருது, அது பங்குல பாதி குடுத்தா போதும்னேன். இல்லன்னா உன்ன ஏத்தியிருக்க மாட்டாரு."

எழுந்து போய்விடலாம் என்றால் சுற்றிலும் தண்ணீர். அதனால்தான் இங்கே கூட்டி வந்திருக்கிறார், கெட்டிக்காரர். புனேக்கு முன்னால் வரும் மலை இறக்கத்தில் ஒவ்வொரு நடையும் ஸ்டியரிங் என் கையில்தான். நானா பேச்சுத் துணை? காசு குறைந்ததைவிட, இத்தனை நாள் பக்கத்திலேயே இருந்துகொண்டு இதைச் சொல்லாமல் இருந்தாரே, அதுதான் பொறுக்கவில்லை. நான் ஒருத்தியே மிதித்துப் படகைக் கரைக்குக் கொண்டுவந்தேன்.

"உன் வாயால கெடுத்தத உன் வாயாலயே சரி பண்ணு. இல்லன்னா நீ வேற டபுள் பாத்துக்கோ. நான் குட்டியானைக்கே போறேன்" என்றேன். குட்டியானையில் அச்சரப்பாக்கம் தாண்டாமல் வாழ்நாளை ஓட்டுவது எனக்குச் சாவுதான். ஆனாலும் சொன்னேன்.

மறுநாள் காலை முதலாளி முன்னால் போய் நின்றோம். அவரை முன்னால் விட்டு நான் ஓர் அடி பின்னால் நின்றேன்.

"இதுக்கும் முழுசா குடுத்துடுங்க சார்" என்றார் அவர்.

"ஒரே வூட்டுக்குத்தானப்பா போவுது. அந்தப் பையில போட்டா இன்னா, இந்தப் பையில போட்டா இன்னா?"

வீட்டுக்காரர் தரையைப் பார்த்தார். அங்கேயே விட்டுவிடுவார் என்று நினைத்தேன்.

"நான் எத்தினியோ டபுளு கூட ஓட்டிட்டேன் சார். எவன் ஓட்டுறப்பவும் கண்ண மூடுனதில்ல. பயம். இது ஓட்டுறப்ப மட்டுந்தான் தூங்குறேன். இத இத்தினி நாளு யாரு கிட்டயும் சொல்லல."

முதலாளி அவரைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். பிறகு கணக்குப் பார்க்கும் பெண்ணைக் கூப்பிட்டு, என் பங்கை முழுசாக என் பெயரிலேயே போடச் சொன்னார்.

அடுத்த நடையில் கிருஷ்ணகிரி தாண்டி நான் அவரை எழுப்பினேன். வாயோரம் எச்சில் வழிய, குழந்தைபோலத் தூங்கிக்கொண்டிருந்தார். அவர் ஸ்டியரிங்கில் உட்கார, நான் பின்னால் பலகையில் ஏறிப் படுத்துக் கண்ணை மூடிக்கொண்டேன். முன்னால் பஸ் போனால் எனக்குத் தெரியும். அவர் பிரேக் போடத் தாமதித்தால் தெரியும். எந்த வளைவில் கொஞ்சம் அகலமாகத் திருப்பினார் என்று தெரியும். அந்தப் பலகையில் நான் ஒரு நாளும் தூங்கியதில்லை.

சாயங்காலம் டீக்கடையில் வண்டியை நிறுத்தினார். திரும்பிப் பார்த்து, "நல்லா தூங்குனியா மே?" என்று கேட்டார்.

"ம்" என்றேன்.