ஈயம் தேடிப் போன வீடுகள்

ஆராய்ச்சி நிலையத்தில் வேலை என்றால் குளுகுளு அறையும் வெள்ளைக் கோட்டும் என்று நினைப்பார்கள். வீடு வீடாகப் போய்க் கதவு தட்டியவர்களுக்குத்தான் என் பாடு புரியும். எண்பதுகளின் கடைசியில், கோலாலம்பூரில் ஒரு பல்கலைக்கழக நிலையத்தில் உதவியாளராக இருந்தேன். காற்று, தண்ணீர், மனிதர் உடம்பு மூன்றையும் யாருக்கும் கட்டுப்படாமல் சோதித்துச் சொல்வது எங்கள் வேலை.

பெயர் வேண்டாம்

கிள்ளானில் பழைய கார் பேட்டரிகளை உடைத்து ஈயம் உருக்கும் பட்டறை ஒன்று. அதை ஒட்டிய கம்பத்தில், அந்தச் சிறு குடியிருப்பில், பிள்ளைகளுக்கு ஓயாத வயிற்றுவலி என்று கேள்விப்பட்டு நிலையத்து வேனில் போனோம். ஏழு வீடுகளில் கதவு திறக்கவில்லை. எட்டாவது வீட்டில் சரசு அக்கா திறந்தார். கிணற்றுத் தண்ணீர் பிடித்துக்கொள்ளச் சொன்னார். ஐந்து வயது மகள் தேவியிடம் ரத்தம் எடுக்கவும் சம்மதித்தார். பிள்ளை அழவில்லை, அம்மாதான் முகத்தைத் திருப்பிக்கொண்டார். புட்டியில் சீட்டு ஒட்டப் போனபோது என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார். "பேரு மட்டும் எழுதாதே தங்கச்சி. அவரு அந்தப் பட்டறையிலதான் வேலை செய்றாரு லா."

இரண்டாம் தடவை

தண்ணீர் சுத்தம். தேவியின் ரத்தத்தில்தான் ஈயம், இருக்கவே கூடாத அளவுக்கு. ஊசி குத்துமுன் தோலைச் சரியாகத் துடைக்காமல் வெளி அழுக்கு கலந்துவிட்டதோ? என் தவறென்றால் ஒரு கம்பத்தையே வீணாகப் பயமுறுத்தியவளாவேன். தவறில்லையென்றால் அந்தப் பிள்ளையின் கதி? எங்கள் தலைவர் டாக்டர் பரமநாதன், யாழ்ப்பாணத்துக் குடும்பம், தாளை மூன்று முறை படித்தார். "பிழையா இருக்கவேணும் எண்டுதான் நானும் கும்பிடுறன். நீர் போய்த் திரும்ப எடுத்துக்கொண்டு வாரும்."

பழக்கூடை

மறு சோதனையும் அதையேதான் சொன்னது. அந்த வாரமே பட்டறையில் ஆட்களை மேய்க்கும் மண்டோர் ஒரு கூடை ஆரஞ்சோடு வந்து உட்கார்ந்தார். எந்தெந்த வீட்டுப் பிள்ளைகள் என்று சொன்னால் முதலாளியே வைத்தியம் பார்ப்பாராம். எந்தப் புட்டி எந்த வீட்டுடையது என்று எழுதிய நோட்டு என் மேசையில்தான் கிடந்தது. அதன்மேல் முழங்கையை ஊன்றிக்கொண்டேன். டாக்டர் தலையாட்டி மறுத்ததும் மண்டோர் எழுந்து என்னைப் பார்த்துச் சிரித்தார். "பரவால்ல மிஸ். கம்பத்துல உங்க வேனை எல்லாருக்கும் தெரியும்."

சட்டை

அடுத்த முறை பஸ்ஸில் போனேன். சரசு அக்காவிடம் முடிவைச் சொல்லிக்கொண்டிருந்தபோது கணவர் முனியாண்டி வேலை முடிந்து வந்தார். தேவி ஓடிப்போய் அவர் சட்டையில் முகத்தைப் புதைத்தாள். சட்டை முழுக்கச் சாம்பல் நிறத் தூசி. தண்ணீரில் இல்லாதது எந்த வழியாக வந்தது என்று அந்த நொடியில் புரிந்துவிட்டது. அந்தத் தூசியைக் காட்டிச் சொன்னேன். அந்த மனிதர் மகளின் கைகளை ஒவ்வொன்றாக விலக்கிவிட்டு இரண்டடி தள்ளிப் போய் நின்றார். "அப்போ இத்தனை நாளா நான்தான் குடுத்தேனா, மிஸ்?"

குளியலறை

டாக்டர் எந்த வீட்டின் பெயரும் போடாமல் அறிக்கை எழுதினார். பட்டறை ஆட்கள் அதைக் கையில் வைத்துக்கொண்டு, குளிக்க இடமும் மாற்றுத் துணியும் கேட்டு முதலாளி முன் ஒன்றாகப் போய் நின்றார்கள். இரண்டும் கிடைத்தன. முதலில் வாய் திறந்த முனியாண்டிக்கு மட்டும் வேலை போனது; போர்ட் கிள்ளானில் லோரி ஓட்டப் போனார். ஆறு மாதம் கழித்துச் சோதித்தபோது தேவியின் ரத்தத்தில் ஈயம் பாதியாக இறங்கியிருந்தது. அந்தத் தாளைக் கொடுத்துவிட்டு, வேலை போனதற்கு அவரிடம் மன்னிப்புக் கேட்டேன். அவர் தாளை மடித்துப் பையில் வைத்தார். "அடுத்தது எந்த வீடு மிஸ்? நானும் கூட வரேன்."

கெட்ட செய்தியை இரண்டு தடவை சரிபார்த்துக் கொண்டுபோய்க் கொடுப்பதும், கொடுத்த பிறகு அந்த வீட்டில் என்ன ஆகுமோ என்று நகம் கடிப்பதும்தான் எங்கள் உத்தியோகம். இதற்கு ஒரு பட்டப்படிப்பு வேறு கேட்டார்கள்.