சேகோ களத்து வெயில்

பின்லாந்தில் வெயில் எட்டிப்பார்த்தால் ஆட்கள் நடப்பதை நிறுத்திவிட்டு, கண்ணை மூடி, முகத்தை அதற்கு நேராகக் காட்டுகிறார்கள். பேருந்து நிறுத்தத்தில் எல்லோரும் அப்படி நிற்கும்போது நான் மட்டும் நிழலுக்கு ஒதுங்குவேன். ராசிபுரத்துப் பழக்கம். ஆனால் படம் வரைகிறவளுக்கு அந்த வெயில்தான் சொத்து. நீர்வண்ணத்தில் வெளிச்சத்தைப் பூச முடியாது. தாளை வெறுமனே விட்டுவிட வேண்டும். சுற்றியுள்ள நிழலுக்கு நீலமும் ஊதாவும் சரியாகக் கொடுத்தால், விட்ட இடம் கண்ணைக் கூசவைக்கும். இதை நான் கற்றது என் அண்ணனின் சேகோ ஆலையில், ஜவ்வரிசி காயவைக்கும் களத்தில். எப்படிக் கற்றேன் என்பதை ஊரில் இருக்கும் உங்களிடம் சொல்லக் கூச்சமாகத்தான் இருக்கிறது.

போன முறை ஊருக்கு வந்திருந்தபோது, மாசி மாதம், களம் முழுக்க ஜவ்வரிசி காய்ந்துகொண்டிருந்தது. களத்தில் வேலை செய்யும் பாவாயி, தலையில் துண்டு கட்டி, நீண்ட கைப்பிடிப் பலகையால் அதைத் தள்ளிவிட்டுக்கொண்டிருந்தார். என்னைவிடப் பத்து வயது மூத்தவர். அவர் நிழல் அந்த வெள்ளைமேல் நீலமாக விழுந்தது. நான் கிடங்குத் தாழ்வாரத்தில், மின்விசிறிக்குக் கீழே உட்கார்ந்திருந்தேன்.

"பாவாயி, அப்படியே நில்லு. அசையாதே."

முதலாளியின் தங்கை சொன்னால் நிற்காமல் என்ன செய்வார்? நடுவில் ஒருமுறை கேட்டார்: "கண்ணு கூசுதுங்க அம்மிணி. சித்த திரும்பிக்கட்டுங்களா?"

திரும்பினால் நிழலின் வடிவம் போய்விடும். "இன்னும் அஞ்சு நிமிசம்" என்றேன். நிழல் காலடிக்குள் சுருங்கும்வரை நிற்கவைத்தேன்.

முடிந்ததும் முந்தானையால் கண்ணைத் துடைத்தபடி வந்து படத்தைப் பார்த்தார். "எம்மூஞ்சி எங்கீங்க அம்மிணி?"

முகத்தில் வெயில் அடித்ததால் அந்த இடத்தையும் வெறும் தாளாக விட்டிருந்தேன். "அதுதான் வெளிச்சம்" என்று சிரித்தேன். அவரும் சிரித்தார். கண் இரண்டும் சிவந்திருந்தன. பார்த்தேன். பார்த்துவிட்டுத் தூரிகை கழுவப் போனேன்.

இங்கே எங்கள் குடியிருப்பின் பொதுக்கூடத்தில் என் படங்களை வைத்தார்கள். பக்கத்து வீட்டு ஹெல்மி, வேலையிலிருந்து ஓய்வுபெற்ற செவிலி, இந்தப் படத்தின் முன்னால் நெடுநேரம் நின்றார். பிறகு என்னிடம் "லுமி?" என்றார். லுமி என்றால் பனி. வாசலில் பனி தள்ளும் பெண் என்று நினைத்துவிட்டார். தன் அம்மாவும் இப்படித்தான் குனிந்து தள்ளுவார் என்று சொன்னபோது அவர் கண் கலங்கியது. இல்லை என்று சொல்லும் அளவுக்கு எனக்கு அந்த மொழி தெரியும். சொன்னால், இவர் யார், வெயிலில் ஏன் நிற்கிறார், நீ எங்கே இருந்தாய் என்றெல்லாம் கேள்வி வரும். "யோ" என்று தலையாட்டினேன். ஆமாம் என்று. அன்றைக்கே படத்தை அவருக்குக் கொடுத்துவிட்டேன்.

அடுத்த வாரம் அண்ணன் வீடியோவில் கூப்பிட்டபோது பின்னால் பாவாயி வந்து நின்றார்.

"எம்படத்தப் பாத்து அந்த ஊருல என்னங்க சொன்னாங்க?"

"நல்லா இருக்குன்னாங்க."

"நம்மூரு ஜவ்வரிசி, களத்துல வேல செய்யற பொம்பளைன்னு சொன்னீங்களா அம்மிணி?"

அண்ணன் வேறு பேச்சுக்குப் போய்விட்டார்.

மறுநாள் ஹெல்மியின் கதவைத் தட்டினேன். படம் சமையலறைச் சுவரில் மாட்டியிருந்தது. பனி இல்லை, ஜவ்வரிசி, கிழங்கு மாவில் செய்தது என்றேன். அந்தப் பெண்ணை வெயிலில் நிற்கவைத்ததையும் அவர் கண் சிவந்ததையும் சொன்னேன். மன்னியுங்கள் என்றதும், படத்தைத் திருப்பிக் கேட்கிறேன் என்று புரிந்துகொண்டு அவர் அதைக் கழற்றி நீட்டினார். வேண்டாம் என்று தலையசைத்தேன். படத்தைத் தன் பக்கம் திருப்பிப் பார்த்தவர், "இவர் பெயர் என்ன?" என்று கேட்டார்.

இரண்டு முறை சொன்னேன். பென்சில் எடுத்து, பின்பக்கத்தில் காதில் விழுந்தபடி எழுதி, திரும்ப ஆணியில் மாட்டினார். முன்பக்கம் அவருடைய அம்மாவின் பனி. சுவரோடு ஒட்டிய பக்கத்தில், அவர்கள் எழுத்தில், எங்கள் பாவாயி. ஹெல்மி காப்பி ஊற்றிக் கொடுத்தார். நிமிர்ந்து சுவரைப் பார்க்க முடியாமல் கோப்பையையே பார்த்துக்கொண்டிருந்தேன்.