பதாகையில் மிஞ்சிய விரல்கள்

என் இரட்டைப் பிள்ளைகளில் மூத்தவள் ஐந்தாம் ஆண்டுப் புலமைப்பரிசில் பரீட்சையில் சித்தியடைந்தாள். இளையவளுக்கு இன்னும் எழுத்துக்கூட்டித்தான் வாசிக்க வரும். இருவருக்கும் ஒரே வகுப்பு, ஒரே ரியூசன். நான் எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவள். என் மண்டைதான் இளையவளில் இறங்கிவிட்டதோ என்று அடிக்கடி நினைப்பேன். பக்கத்து வீட்டு அக்கா நேரே கேட்டுவிட்டார்: "மற்றது உம்மட பக்கமோ?"

சித்தியடைந்தவர்களின் படங்களைப் போட்டுத் துறைமுகப் பக்கச் சந்தியில் பதாகை கட்டுவது ரியூசன் படிப்பிக்கும் சேரின் வழக்கம். எங்களிடம் இருந்ததோ, சீருடையில் இருவரும் தோளில் கை போட்டு நின்ற ஒரு படம்தான்.

"மற்றப் பிள்ளைய வெட்டிவிடலாம், பிரச்சினை இல்ல," என்று இளையவளின் முன்னாலேயே சொல்லி, சேர் அதை வாங்கிக்கொண்டார்.

பதாகை கட்டிய அன்று மூவரும் பார்க்கப் போனோம். மூத்தவளின் தோளில் நாலு விரல்கள் மட்டும் மிஞ்சியிருந்தன.

"அம்மா, அது என்ட கை!" என்று துள்ளினாள் இளையவள்.

"ஐயோ, பள்ளிக்கூடத்தில சிரிப்பினம். அதையும் எடுக்கச் சொல்லுங்கோ அம்மா," என்றாள் மூத்தவள். நான் வாய் திறக்குமுன் எதிரே இருந்த ரியூசன் வகுப்புக்குள் ஓடி, சேரை அழைத்து வந்தாள். அவர் ஒரு கதிரையில் ஏறி, அந்த விரல்களின் மேல் தங்க நிற நட்சத்திரம் ஒன்றை ஒட்டினார்.

இளையவள் அண்ணாந்து பார்த்துக்கொண்டே நின்றாள்.

"இப்ப வடிவா இருக்கு, என்னம்மா?" என்று கேட்டாள்.

ஓம் என்றேன்.